வீட்டுப் பட்டறை: தண்டு ஓடுது, சக்கரம் ஓடலை

குட்டி நீராவி இன்ஜின் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. தண்ணீர் கொதிக்கிறது, நீராவி வருகிறது, பிஸ்டனும் போய் வருகிறது. ஆனால் இன்ஜின் நாலு சுற்று சுற்றிவிட்டு டக்கென்று நின்றுவிடுகிறது. விரலால் தள்ளிவிட்டால் மறுபடி நாலு சுற்று. பாய்லர் சரியில்லை, வாஷர் போச்சு, சிலிண்டர் தேஞ்சு போச்சு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பல சமயம் நோய் அங்கே இருக்காது. ப்ளைவீல் என்கிற அந்தக் கனமான சக்கரம் தண்டின் மேல் நழுவிக்கொண்டிருக்கும். தண்டு ஒரு கணக்கில் சுற்றும், சக்கரம் இன்னொரு கணக்கில் சுற்றும்.

இந்த மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். எங்க வீட்டில் இன்ஜின் பொம்மை எல்லாம் இல்லையே என்று பக்கத்தை மூடிவிடாதீர்கள். உங்கள் சமையலறை வெட் கிரைண்டருக்கும் இதே நோய் வரும். கடைசியில் அதற்கும் வருகிறேன்.

சக்கரம் எதுக்கு?

ஊரில் மிதி தையல் மெஷினில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மிதிபலகை ஒரு குறிப்பிட்ட நிலையில் நின்றிருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் மெஷின் அசையாது. கையால் மேல் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளுவோம். கிளம்பிவிட்டால் பிறகு கால் மட்டும் போதும். அந்த அசையாத நிலையைக் கீழே இருக்கும் பெரிய சக்கரம் தன் வேகத்திலேயே தாண்டிக் கொண்டுபோய்விடும்.

இன்ஜினிலும் அதே கதைதான். பிஸ்டன் கடைசி வரை போய்த் திரும்பும் இடத்தில் அதன் தள்ளு தண்டைச் சுற்றவைக்காது. பட்டறையில் அதை டெட் சென்டர் என்பார்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு டெட் சென்டர். அதிலும் பொம்மை இன்ஜின்களில் பல, பிஸ்டனின் ஒரு பக்கம் மட்டும் நீராவி ஏறும் வகை. ஒரு சுற்றில் பாதிதான் வேலை நடக்கும். மீதிப் பாதிக்குச் சக்கரம் கடன் கொடுக்கிறது. வேலை நடக்கும் பாதியில் கடனைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

சக்கரம் தன்னிடம் இருப்பதைத் தண்டுக்குக் கொடுக்க வேண்டுமானால் இரண்டும் ஒட்டி இருக்க வேண்டும். அந்தப் பிடி தளர்ந்தால், சக்கரம் எவ்வளவு கனமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. கையில் காசு இருந்தும் பேங்க் மூடியிருக்கிற மாதிரி.

நான் இருக்கும் பர்மிங்காமில் இந்தக் கதைக்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. திங்க்டேங்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஸ்மெதிக் இன்ஜின். 1779ஆம் ஆண்டு இன்ஜின். கால்வாய்க்குத் தண்ணீர் இறைப்பதுதான் அதன் வேலை. மேலும் கீழும் ஆடினால் போதும், சுற்றவேண்டிய அவசியம் இல்லை. பிறகு ஆலைக்காரர்கள் சுற்றும் இன்ஜின் கேட்டார்கள். பர்மிங்காம்காரரான ஜேம்ஸ் பிக்கார்ட் 1780இல் கிராங்க் முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஜேம்ஸ் வாட் அதைச் சுற்றிக்கொண்டு போக, பல்சக்கரங்களை வைத்த வேறு ஒரு வழிக்கு 1781இல் காப்புரிமை வாங்கினார். இரண்டு வழியிலும் ஆடுவதைச் சுற்றுவதாக மாற்றிச் சீராக ஓடவைக்கப் பெரிய சக்கரம் தேவைப்பட்டது. லண்டன் வாசகர்கள் சயின்ஸ் மியூசியத்தில் 1788ஆம் ஆண்டு வாட் இன்ஜினைப் பார்க்கலாம். சிட்னி பவர்ஹவுஸ் அருங்காட்சியகச் சேகரிப்பில் 1785ஆம் ஆண்டு இன்ஜின் இருக்கிறது, லண்டன் மதுபான ஆலை ஒன்றில் ஓடியது. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முதலில் சக்கரத்தைக் காட்டுங்கள்.

ஒரே ஒரு திருகாணி

வண்டிச் சக்கரத்துக்குச் சொல்வது போலவே சொல்கிறேன். நடுவில் தண்டு நுழையும் இடம் குடம், வெளி விளிம்பு வட்டை. பெரிய இன்ஜின்களில் குடத்திலும் தண்டிலும் பள்ளம் வெட்டி, நடுவே கீ என்கிற இரும்பு ஆப்பை அடித்து இறுக்குவார்கள். கிணற்றுமேட்டிலும் ரைஸ் மில்லிலும் ஓடிய பழைய டீசல் இன்ஜின்களில் குடத்திலிருந்து ஒரு ஆப்பு தலையை நீட்டிக்கொண்டிருக்கும், ஞாபகம் இருக்கலாம். சின்ன வயதில் அதில் சட்டை மாட்டிக்கொள்ளும் என்று பெரியவர்கள் கிட்டேயே விடமாட்டார்கள்.

பொம்மை இன்ஜினில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. குடத்தில் பக்கவாட்டில் ஒரு துளை, அதில் மரை, அந்த மரையில் கிரப் ஸ்க்ரூ என்கிற தலையில்லாத குட்டித் திருகாணி. அதன் நுனி தண்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மொத்தப் பிடியும் அந்த ஒரு நுனிதான்.

அதன் மேல் எவ்வளவு சுமை விழுகிறது என்று ஒரு சின்னக் கணக்கு. 60 மில்லிமீட்டர் அகலச் சக்கரம், 4 மில்லிமீட்டர் தண்டு. மையத்திலிருந்து வட்டை 30 மில்லிமீட்டர் தூரம், தண்டின் மேற்பரப்பு 2 மில்லிமீட்டர் தூரம். வட்டையில் விரலால் ஒரு பங்கு பலம் கொடுத்து நிறுத்தினால், தண்டின் மேற்பரப்பில் அது 15 பங்காக விழும். அதனால்தான் ஓடும் சக்கரத்தைப் பிள்ளைகள் விளையாட்டாக விரலால் பிடித்துப் பிடித்து விடும் வீடுகளில் இந்த நோய் சீக்கிரம் வரும்.

எதிர்வீட்டு இன்ஜின்

இதை இப்போது எழுதக் காரணம், எதிர்வீட்டுப் பெரியவர். என் மகள் வீட்டில் அவரை எதிர்வீட்டுத் தாத்தா என்றுதான் சொல்வாள். எண்பது தாண்டிய வெள்ளைக்காரர். எட்டு வயதில் அவர் அப்பா வாங்கிக் கொடுத்த நீராவி இன்ஜின் அவரிடம் இன்னும் இருக்கிறது. சிலிண்டரே இரண்டு பக்கமும் ஆடி ஆடி நீராவியை வாங்கிவிடும் எளிய வகை. கம்பெனிப் பெயர் வேண்டாம், குற்றம் கம்பெனியுடையது இல்லை, வயசுடையது.

அந்த இன்ஜினும் நாலு சுற்றில் நின்றுபோனது. கை நடுக்கம் வந்தபிறகு அவரால் சின்னத் திருப்புளியைப் பிடிக்க முடியவில்லை. கொள்ளுப் பேரன் சனிக்கிழமை வருகிறான், அதற்குள் ஓடுமா என்று கேட்டார். கூடவே இரண்டு நிபந்தனை. பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி ஆக்கக்கூடாது. சக்கரத்தை மாற்றவே கூடாது, வட்டையில் இருக்கும் நசுங்கல் அவர் பத்து வயதில் மாடிப்படியில் உருட்டிவிட்டபோது வந்ததாம்.

அடுத்தவர் பொருள். எழுபது வருஷத்துக்கு மேலான பொருள். தப்பாக ஒரு தட்டு தட்டினால் திரும்பக் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு படியையும் யோசித்துத்தான் செய்தோம். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் நோய் என்ன என்று பாருங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு மார்க்கர் பேனாவை எடுங்கள். தண்டின் முனை குடத்துக்கு வெளியே கொஞ்சம் தெரியும். தண்டின் முனையிலிருந்து குடத்தின் முகம் வரை ஒரே நேர்க்கோடு போடுங்கள். ஒரு கையால் கிராங்க் தட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சக்கரத்தைத் திருப்புங்கள். கோடு இரண்டாகப் பிரிந்தால் நழுவல். பிரியாமல் நின்றால் நோய் வேறு இடம், சக்கரத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொரு அடையாளம் குடத்தின் ஓரத்தில் கறுப்பு மை மாதிரி பிசுக்கு. இரண்டு உலோகம் உரசி வந்த தூள் எண்ணெயில் குழைந்தது அது. ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தமும் கேட்கலாம்.

எங்கள் கோடு ஒரே திருப்பில் பிரிந்தது. "அப்பா, ரெண்டா போச்சு!" என்று மகளுக்கு ஒரே சந்தோஷம். கோளாறு கண்டுபிடித்ததில் பாதி வேலை முடிந்ததென்று நினைத்துவிட்டாள். பாதி முடிந்ததும் உண்மைதான்.

உடனே இறுக்கிவிடாதீர்கள்

நழுவுகிறது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், கிரப் ஸ்க்ரூவை ஒரு திருகு திருகிவிடலாமே என்று. திருகினால் சரியாகிவிட்ட மாதிரித்தான் தெரியும். பத்து நிமிஷம் ஓடும், மறுபடி நழுவும். காரணம் இதுதான். தளர்ந்த திருகாணியின் நுனி தண்டைச் சுற்றி ஒரு வளையம் போலப் பள்ளம் அறுத்திருக்கும். நுனி அந்தப் பள்ளத்தில் தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி ஓடும். எவ்வளவு இறுக்கினாலும் பள்ளம் ஆழமாகுமே தவிரப் பிடிக்காது. அதற்கும் மேல் இறுக்கினால் பித்தளைக் குடத்தின் மரை போய்விடும். அப்போதுதான் பெரிய செலவு.

அதனால் கழற்றித்தான் ஆகவேண்டும். கழற்றுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பள்ளம் அறுபடும்போது இரண்டு ஓரமும் பிசிறு எழும்பியிருக்கும், ஏர் உழுத சாலுக்கு இரு பக்கமும் மண் எழும்புகிற மாதிரி. கிரப் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டுச் சக்கரத்தைப் பிடித்து இழுத்தால், அந்தப் பிசிறு குடத்தின் உள்துளையைக் கீறிக்கொண்டே வரும். துளை பெரிதாகிவிடும், பிறகு சக்கரம் ஆடும்.

செய்ய வேண்டியது இது:

திருகாணியை நன்றாகப் பின்வாங்குங்கள். துளி ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் சக்கரத்தை வெளியே இழுக்காமல், உள்பக்கமாக எவ்வளவு போகுமோ அவ்வளவு தள்ளிப் பாருங்கள். பள்ளம் வெளியே தெரிந்தால், சின்ன அரத்தால் பிசிறை மட்டும் தடவித் தடவி எடுங்கள். தண்டைச் சுற்றிக்கொண்டே செய்யவேண்டும். பிறகு பொடி எமரி பேப்பரால் ஒரு துடை. இப்போது சக்கரம் வெண்ணெய் மாதிரி வெளியே வரும். உள்ளே தள்ள இடமே இல்லையென்றால், குடத்தை ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடாக்கி, திருப்பித் திருப்பி, அவசரப்படாமல் எடுங்கள். சுத்தியலால் தட்டவே கூடாது. மெல்லிய தண்டு ஒரு தட்டில் வளைந்துவிடும்.

சக்கரம் வந்ததும் தண்டையும் உருவி எடுத்துவிடுங்கள். அரத்தூள் பேரிங் துளைக்குள் போனால் அது உப்புத்தாள் வேலை செய்யும், ஓட ஓடத் துளையைத் தின்றுவிடும்.

மரை எந்த நாட்டு மரை?

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இது முக்கியம். கடையில் வாங்கும் கிரப் ஸ்க்ரூ இன்று பெரும்பாலும் மெட்ரிக். ஜெர்மன், சீன இன்ஜின்களுக்கு அதுவே சரி. பழைய ஆங்கிலேய இன்ஜின்களில் பி.ஏ. என்கிற மரை இருக்கும். அமெரிக்கப் பழசில் அங்குல மரை. 4 பி.ஏ. திருகாணி 3.6 மில்லிமீட்டர் தடிமன், மரைக்கு மரை 0.66 மில்லிமீட்டர். மெட்ரிக் எம் 4 என்பது 4 மில்லிமீட்டர் தடிமன், 0.7 மில்லிமீட்டர் இடைவெளி. கண்ணுக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மரையின் கோணம்கூட வேறு, பி.ஏ. 47.5 டிகிரி, மெட்ரிக் 60 டிகிரி. இதை அதில் திணித்தால் பித்தளை மரை அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். விரலால் மூன்று சுற்று லேசாகப் போகாத திருகாணி உங்களுடையது இல்லை. அவ்வளவுதான் விதி.

எதிர்வீட்டு இன்ஜினில் இருந்தது 4 பி.ஏ. நுனி மழுங்கி, திருப்புளி வைக்கும் வெட்டும் சிதைந்திருந்தது. மாடல் இன்ஜினியரிங் சாமான் விற்பவர்களிடம் புதுசு சில பென்ஸ்தான். பழசைத் தூக்கிப் போடாமல் ஒரு சின்ன உறையில் போட்டுப் பெரியவரிடமே கொடுத்துவிட்டோம்.

அறுகோணத் துளை வைத்த திருகாணியாக இருந்தால் ஆலன் கீயும் சரியான அளவில் வேண்டும். எம் 3 கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5 மில்லிமீட்டர், எம் 4க்கு 2 மில்லிமீட்டர், எம் 5க்கு 2.5 மில்லிமீட்டர். 1/16 அங்குலத் துளையில் 1.5 மில்லிமீட்டர் கீ நுழையும், ஆனால் வழுக்கிக்கொண்டு மூலைகளை மழுக்கிவிடும்.

ஒட்டிவிட்டால் என்ன?

மகள் கேட்ட கேள்வி நியாயமானது. "எதுக்குப்பா இவ்வளவு? க்ளூ போட்டு ஒட்டிடலாமே?"

சூப்பர் க்ளூவின் கதை சுருக்கம். அது கண்ணாடி மாதிரி இறுகும், ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் வரும் உதைக்கு நொறுங்கிவிடும். நீராவிச் சூடும் அதற்கு ஆகாது. இதற்கென்றே உலோகத்தை உலோகத்தோடு பிடிக்கவைக்கும் பச்சை நிறத் திரவங்கள் விற்கிறார்கள். காற்றுப் படாத இடத்தில் உலோகத்தைத் தொட்டால் இறுகும் வகை. அது நன்றாகவே பிடிக்கும், பல இடத்தில் சரியான வைத்தியமும் அதுதான். ஆனால் ஒரு துளி கசிந்து பக்கத்துப் பேரிங்குக்குள் போனால் தண்டே இறுகிவிடும். கழற்ற வேண்டுமானால் குடத்தை 250 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டியிருக்கும். சக்கரத்தில் இருக்கும் பழைய பெயின்ட்டு என்னாவது?

"கண்ணு, இது நம்ம பொருள் இல்ல. நாளைக்கு வேற யாராச்சும் இதைக் கழட்ட வேண்டி வந்தா, அவங்களுக்கும் வழி விட்டுட்டுப் போகணும்" என்றேன். பழுது பார்ப்பதில் எனக்குத் தெரிந்த பெரிய தர்மம் அதுதான். கோயமுத்தூர் லேத் பட்டறைகளில் நல்ல மேஸ்திரிகள் இதை வாயால் சொல்லமாட்டார்கள், கையால் காட்டுவார்கள்.

ஒரு சின்னத் தட்டை இடம்

உருண்டையான தண்டில் திருகாணி நுனி பிடிப்பது, உருண்டைக் குழவியின் மேல் ஒற்றை விரலை ஊன்றுவது மாதிரி. எந்தப் பக்கமும் வழுக்கும். அந்த இடத்தை மட்டும் அரத்தால் தட்டையாக்கிவிட்டால் நுனி உட்கார்ந்துகொள்ளும். பிறகு சக்கரம் நழுவ வேண்டுமானால் திருகாணியையே மேலே தள்ளவேண்டும். இதுதான் நிரந்தர வைத்தியம்.

ஆனால் இது தண்டில் போடும் ஒரு காயம். பெரியவரிடம் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. தண்டைக் கொண்டுபோய்க் காட்டி, எந்த இடம், எவ்வளவு ஆழம், வெளியே தெரியாது, குடம் மறைத்துவிடும் என்று சொன்னேன். நடுங்கும் கையில் தண்டை வாங்கி, வளையப் பள்ளத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். "என் அப்பாவாக இருந்தாலும் அரத்தைத்தான் எடுத்திருப்பார்" என்றார். பிறகு உள்ளே போய்த் தன் பழைய அரப்பெட்டியை எடுத்து வந்து மகளிடம் கொடுத்தார்.

வேலை இப்படி. தண்டைப் பேரிங்கில் பொருத்தி, சக்கரத்தை அதன் சரியான இடத்தில் வைத்து, கிரப் ஸ்க்ரூவை லேசாக இறுக்கினால் தண்டில் ஒரு புள்ளி விழும். முடிந்தால் பழைய வளையப் பள்ளம் இருக்கும் அதே இடத்தில் வருமாறு பாருங்கள், தட்டையாக்கும்போது அந்த இடத்துப் பள்ளமும் போய்விடும். தண்டை மறுபடி எடுத்து, வைஸின் இரும்புத் தாடைக்கும் தண்டுக்கும் நடுவே மரச்சில் அல்லது அலுமினியத் துண்டு வைத்துப் பிடியுங்கள். தட்டையான ஊசி அரத்தால், முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தம் கொடுத்து, புள்ளிக்கு மேலே தேயுங்கள். நீளம் 4 அல்லது 5 மில்லிமீட்டர் போதும். பேரிங்குக்குள் போகும் பகுதிவரை நீட்டவே கூடாது.

ஆழம்? 4 மில்லிமீட்டர் தண்டில் 0.4 மில்லிமீட்டர் எடுத்தால் தட்டையின் அகலம் 2.4 மில்லிமீட்டர் வரும், திருகாணி நுனி உட்கார அது தாராளம். இந்தத் தண்டு 5/32 அங்குலம், அதாவது 3.97 மில்லிமீட்டர். வெர்னியரில் 3.57 என்று வந்ததும் நிறுத்தினோம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் தண்டின் பலம் குறையும். தட்டை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க, விளக்கில் காட்டுங்கள். பளபளக்கும் பட்டை இரண்டு முனையிலும் ஒரே அகலமாக இருந்தால் சமம்.

மகள்தான் தேய்த்தாள். ஏறக்குறைய இருபது தள்ளு, ஒவ்வொரு ஐந்துக்கும் ஒரு அளவு. "இன்னும் எவ்வளவுப்பா?" என்று அவள் கேட்க, "அளந்து நீயே சொல்லு" என்று நான் சொல்ல, ஒரு மணி நேரம் போனது.

திரும்பப் பூட்டுவது

தண்டு, குடத்தின் உள்துளை, திருகாணித் துளை மூன்றையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பனியன் துணியால் துடையுங்கள். எண்ணெய் ஒரு பொட்டு இருந்தாலும் பிடிக்குப் பகை. பேரிங் இடத்துக்கு மட்டும் பிறகு ஒரு துளி எண்ணெய்.

சக்கரத்தைப் பேரிங்கோடு ஒட்டி இறுக்கிவிடக் கூடாது. சூடானால் விரியும், பிறகு தண்டு இழுக்கும். ஆபீஸ் பேப்பர் ஒன்று சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன். ஒரு துண்டை இரண்டாக மடித்துக் குடத்துக்கும் பேரிங்குக்கும் நடுவே வைத்து, சக்கரத்தை அதன்மேல் தொடும்படி தள்ளி, கிரப் ஸ்க்ரூவைத் தட்டைக்கு நேராகக் கொண்டுவந்து இறுக்குங்கள். பேப்பரை உருவிவிட்டால் 0.2 மில்லிமீட்டர் விளையாட்டு இருக்கும். அது போதும்.

திருகாணி மரையில் நீல நிறப் பூட்டுத் திரவம், இல்லையென்றால் இன்னும் இலேசான ஊதா நிறம், குண்டூசித் தலையளவு. இவற்றைக் கைக்கருவியாலேயே பிறகு கழற்றலாம், அதனால் மனசாட்சிக்கும் இடைஞ்சல் இல்லை. ஆலன் கீ என்றால் நீளக் கையைத் துளையில் விட்டு, குட்டைக் கையை இரண்டு விரலால் திருப்புங்கள். மரை தப்பிக்கும். திரவம் இறுக ஒரு நாள் விட்டுவிட்டு, மறுபடி மார்க்கர் கோடு போட்டுச் சோதியுங்கள்.

சனிக்கிழமை

சக்கரம் வெள்ளிக்கிழமையே தயார். ஆனால் பாய்லரைப் பார்த்தபோது அதன் சேஃப்டி வால்வு அசையவே இல்லை. உள்ளே சுண்ணாம்பு பிடித்து இறுகியிருந்தது. இந்தப் பொம்மைப் பாய்லர்கள் சுமார் 1 முதல் 1.5 பார் அழுத்தத்தில் வேலை செய்பவை. வெளியேற வழியில்லாத நீராவி பொம்மையென்று பார்க்காது. புது வால்வு வரும்வரை நெருப்பு மூட்டவேண்டாம் என்று பெரியவரிடம் சொல்லவேண்டியிருந்தது. முகம் வாடிவிட்டது. "அறுபது வருஷம் மூட்டியிருக்கிறேன்" என்றார். உண்மைதான். ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கப்போவது ஐந்து வயதுப் பிள்ளை.

வழி இருந்தது. நல்லவேளையாக இந்த இன்ஜினில் நீராவிக் குழாய் நட்டு போட்டுப் பூட்டியது. பாய்லர் பக்கம் கழற்றி, குழாய் முனையில் ரப்பர் குழாய் மாட்டி, மறுமுனையில் சைக்கிள் பம்பு. கொள்ளுப் பேரன் பம்பை அமுக்க, பெரியவர் சக்கரத்தை விரலால் ஒரு தள்ளு தள்ள, சிலிண்டர் ஆடி ஆடிக் கிளம்பியது. பம்பை நிறுத்திய பிறகும் சக்கரம் சில சுற்று தானாகவே போனது. அந்தச் சில சுற்றுதான் ப்ளைவீலின் வேலை. மார்க்கர் கோடு பிரியவில்லை. பேரனுக்கு நீராவி இல்லை என்கிற குறையே தெரியவில்லை, தானே ஓட்டினோம் என்ற பெருமைதான். பெரியவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் புது வால்வு வந்தது. தண்ணீரில் பாய்லரைக் கசிவு பார்த்தபின் நெருப்பும் மூட்டினோம், தோட்டத்தில், காற்றோட்டமான இடத்தில். ஒரு எச்சரிக்கை மட்டும். நிமிஷத்துக்கு 1,500 சுற்று ஓடும் 60 மில்லிமீட்டர் சக்கரத்தின் விளிம்பு மணிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பெண்பிள்ளைகள் பின்னலை முடிந்துகொள்ளட்டும், துப்பட்டா வேண்டாம்.

சக்கரம் ஆடினால்

பிடி சரியான பிறகும் சக்கரம் தலையாட்டினால் உள்துளை தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அலுமினிய பானக் கேனின் தகடு சுமார் 0.1 மில்லிமீட்டர் இருக்கும், வெட்டிச் சுற்றி வைக்கலாம். ஆனால் அது தற்காலிகம்தான். சரியான வழி, துளையைப் பெரிதாக்கி உள்ளே புஷ் கடைந்து பொருத்துவது. லேத் வேண்டும். இங்கே பல ஊர்களில் மாடல் இன்ஜினியரிங் சங்கங்கள் இருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், பெரியவர்கள் ஆசையாகச் சொல்லித் தருவார்கள்.

இனி நம்ம கிரைண்டர்

மோட்டார் ஓடுது, கல்லு சுத்தலை. பெல்ட் புதுசு, ஆனாலும் மாவு அரைபடவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடிமூடியைத் திறந்து பாருங்கள். பல மாடல்களில் மோட்டார் தண்டின் புல்லியைப் பிடித்திருப்பதும் இதே கிரப் ஸ்க்ரூதான். அதே மார்க்கர் கோடு, அதே சோதனை. தண்டில் ஏற்கெனவே ஆங்கில 'டி' எழுத்து மாதிரித் தட்டை இருந்தால், திருகாணி அந்தத் தட்டைக்கு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பல நேரம் அது பக்கத்து வளைவில் நின்றுகொண்டிருக்கும். நேராக்கி இறுக்கினால் அன்றைக்கு இட்லி உண்டு. கதவுக் கைப்பிடி கழன்று கழன்று வருவதும், பாத்ரூம் டவல் கம்பி ஆடுவதும் பெரும்பாலும் இந்தத் திருகாணியின் வேலைதான்.

ஒரு 1.5, ஒரு 2, ஒரு 2.5 மில்லிமீட்டர் ஆலன் கீ, ஒரு ஊசி அரம், ஒரு மார்க்கர். இந்த ஐந்தையும் ஒரு டப்பாவில் போட்டுப் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். அடுத்த முறை ஏதாவது நழுவினால், கோடு போட்டுப் பார்க்கும் வேலையை அவர்களிடமே விடுங்கள்.